டைகரா, டி-34-ஆ? ஒரு பழைய சண்டை

இரண்டாம் உலகப்போரைப் பத்தி நாலு பேர் பேச ஆரம்பிச்சா, அஞ்சாவது நிமிஷம் இந்தச் சண்டை வந்தே தீரும். ஒரு கட்சி, "டைகர் மாதிரி ஒரு டாங்கி உண்டா? ஒத்தையா நின்னு பத்து டாங்கியை அடிக்கும்" என்று ஆரம்பிக்கும். எதிர்க்கட்சி, "அடிச்சு என்ன பிரயோஜனம்? பெர்லினுக்குள்ள போனது டி-34 தானே" என்று மடக்கும். அப்புறம் கவசம் எத்தனை மி.மீ., குண்டு எத்தனை மீட்டர் என்று புள்ளிவிவரம் பறக்கும். ரஜினி-கமல் சண்டை மாதிரிதான், முடிவே கிடையாது :)

எனக்கு இந்த மி.மீ. கணக்கில் பெரிய ஈடுபாடு இல்லை. நான் பார்க்கிற விஷயம் வேற. அந்த டாங்கியை வரைஞ்ச பொறியாளர்கிட்ட மேலிடம் என்ன கேட்டது? ஜெர்மனியில் கேட்ட கேள்வி, "எதிரியோட எந்த டாங்கியை இது அடிக்கும்?" சோவியத்தில் கேட்டது, "அடுத்த மாசம் எத்தனை கொடுப்பே?" இந்த ரெண்டு கேள்வியிலிருந்துதான் மத்த எல்லாமே வருது. மூணாவதா ஒரு கேள்வியும் இருக்கு: "உள்ளே உட்கார்றவன் கதி என்ன?" ரெண்டு பக்கமும் அதுக்குச் சொன்ன பதில், நாம நினைக்கிற மாதிரி இல்லை.

முதலில் டி-34. அது திடீர்னு வானத்திலிருந்து குதிச்சது இல்லை. அமெரிக்காவில் ஜே. வால்டர் கிறிஸ்டி என்று ஒரு பொறியாளர். பெரிய சக்கரங்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஸ்பிரிங், தலைதெறிக்கிற வேகம் - இப்படி ஒரு டாங்கியைச் செய்து வைத்திருந்தார். அவரோட ராணுவமே அதைச் சரியா சீந்தவில்லை. சோவியத்காரர்கள் 1930-ல் ரெண்டு வண்டி விலைபேசி, 'விவசாய டிராக்டர்' என்று காகிதத்தில் எழுதி ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அதிலிருந்து பி.டி. என்கிற வேக டாங்கி வரிசை வந்தது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் (1936-39) சோவியத் டாங்கிகள் சின்னச் சின்ன டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கிகளுக்கே பலியானதைப் பார்த்துவிட்டு, "வேகம் மட்டும் போதாது, கவசம் வேணும்" என்ற முடிவுக்கு வந்தார்கள்.

கார்கோவ் 183-ம் எண் தொழிற்சாலையில் மிகயில் கோஷ்கின் தலைமையில் வேலை நடந்தது. 45 மி.மீ. தகடுதான். ஆனா அதை நிமிர்த்தி வைக்காமல் சாய்த்து வைத்தார்கள். முன்பக்கம் 60 பாகை சாய்வு. நேரா வர்ற குண்டு அந்தத் தகட்டைக் குறுக்கே துளைக்கணும்னா 90 மி.மீ. இரும்பைக் கடக்கணும். தகட்டின் எடையைக் கூட்டாமலே கவசத்தைக் கூட்டுற வித்தை. பின்னால் 500 குதிரைசக்தி டீசல் இஞ்சின். சேற்றிலும் பனியிலும் புதையாமல் இருக்க அகலமான பட்டைகள். 76 மி.மீ. பீரங்கி.

1940 மார்ச்சில் மாஸ்கோவில் மேலிடத்துக்குக் காட்டணும். கோஷ்கின், முதல் ரெண்டு வண்டிகளையும் கார்கோவிலிருந்து ஓட்டியே கொண்டுபோனார். அந்தக் குளிரில் 700 கிலோமீட்டருக்கு மேல். போகும்போதே உடம்பு சரியில்லை. காட்டிவிட்டு ஊருக்குத் திரும்பி வந்தவரை நிமோனியா பிடித்தது. 1940 செப்டம்பர் 26-ல் இறந்துபோனார். 41 வயசு. தன் டாங்கி போருக்குப் போனதை அவர் பார்க்கவே இல்லை. பொறுப்பு அலெக்சாந்தர் மொரோசோவ் கைக்கு வந்தது.

இதுவரைக்கும் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. அடுத்து வர்றதை டி-34 ரசிகர்கள் வேகமாகக் கடந்துபோய்விடுவார்கள்.

1941 ஜூன் 22-ல் ஜெர்மனி உள்ளே புகுந்தபோது செம்படையிடம் ஆயிரத்துச் சொச்சம் டி-34 இருந்தது. ஜெர்மன்காரர்களின் பான்சர் 3, பான்சர் 4 எதுவும் காகிதத்தில் அதற்கு ஈடில்லை. ஜெர்மனியின் 37 மி.மீ. டாங்கி எதிர்ப்புப் பீரங்கி டி-34 மேல் பட்டுத் தெறித்தது. அதற்கு ஜெர்மன் சிப்பாய்களே "கதவு தட்டும் கருவி" என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அப்புறம் என்ன ஆகியிருக்கணும்? ஜெர்மன் படை அங்கேயே நின்றிருக்கணும். நடந்தது தலைகீழ். அந்த வருஷம் முடிவதற்குள் சோவியத் இழந்த டாங்கிகள் சுமார் 20,500. அதில் டி-34 மட்டும் 2,300 வாக்கில்.

ஏன்? பயிற்சி இல்லை, உதிரிபாகம் இல்லை, எரிபொருள் வந்து சேரவில்லை, தளபதிகளை ஸ்டாலினே களையெடுத்து முடித்திருந்தார் - எல்லாம் உண்மை. ஆனா டாங்கிக்குள்ளேயே ஒரு காரணம் இருந்தது. அதைத்தான் விளக்கமாகச் சொல்லணும்.

டாங்கி மேலே சுத்துதே, அந்தக் கோபுரம். பான்சர் 3-இலும் 4-இலும் அதற்குள் மூணு பேர். ஒருத்தர் குறிபார்த்துச் சுடுவார். ஒருத்தர் குண்டு போடுவார். மூணாவது ஆள் கமாண்டர். அவருக்கு வேலை என்ன தெரியுமா? பார்க்கிறது. அவ்வளவுதான். தலைக்கு மேலே சுத்திலும் கண்ணாடி வைத்த சின்னக் கூண்டு. எங்கே எதிரி, எங்கே பள்ளம், பக்கத்து டாங்கி எங்கே போகுது என்று பார்த்துப் பார்த்துச் சொல்லணும். எல்லா டாங்கியிலும் ரேடியோ. ஜெர்மன் டாங்கிப்படையின் பிதாமகன் ஹைன்ஸ் குடேரியன் முதலில் ரேடியோ, தகவல் தொடர்புப் பிரிவில் வேலை பார்த்தவர். அந்தப் புத்தி 1930-களிலேயே டாங்கியின் வடிவத்துக்குள் புகுந்துவிட்டது. ஜெர்மன் டாங்கிகளிலேயே நான் மெச்சுவது இதைத்தான், டைகரின் 88 மி.மீ. பீரங்கியை இல்லை.

டி-34 கோபுரத்தில் ரெண்டே பேர். கமாண்டரே சுடணும். குறிபார்க்கிற கண்ணாடியில் கண்ணை வைத்தால் ஒரு வைக்கோல் துளை வழியா உலகத்தைப் பார்க்கிற மாதிரி. அந்த நேரத்தில் பக்கவாட்டில் யார் வந்தாலும் தெரியாது. வெளியே தலையை நீட்டிப் பார்க்கலாம்னா, கோபுரத்தின் பெரிய மூடி முன்பக்கமாகத் திறக்கும், பார்வையை அதுவே மறைக்கும். ஆரம்பத்தில் ரேடியோ தலைமை வண்டிகளில் மட்டும்தான். மத்தவங்க எல்லாம் முன்னால போறவரைப் பார்த்துப் பின்னால போகணும், இல்லைன்னா கொடி அசைப்பதைக் கவனிக்கணும். சண்டைக்கு நடுவில், புகையில், கொடி! நல்ல சாய்வுக் கவசத்தில் இன்னொரு தொல்லை, அது உள்ளே இருக்கிற இடத்தைச் சாப்பிட்டுவிடும். நாலு பேரும் முட்டிக்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள்.

ஆக, காகிதத்தில் பலவீனமான டாங்கி முதலில் பார்த்தது, முதலில் சுட்டது, நாலு டாங்கி சேர்ந்து திட்டம் போட்டுச் சுட்டது. பலமான டாங்கி தனியா, பாதிக் குருடா நின்றது.

முக்கியமான விஷயம், இந்தக் குறை சோவியத்காரர்களுக்குத் தெரியாமல் இல்லை. போர் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே டி-34எம் என்று ஒரு திருத்தப்பட்ட வடிவம் வரைந்து வைத்திருந்தார்கள். அதில் மூணு பேர் கோபுரம், கமாண்டருக்குத் தனிக் கூண்டு எல்லாம் உண்டு. ஜூன் 22 வந்தது. திட்டம் அலமாரிக்குப் போனது. "இருக்கிறதைச் செய், வேகமாச் செய்."

அதே 1941 இலையுதிர்காலத்தில் ஜெர்மனியில் என்ன நடந்தது பாருங்கள். அக்டோபர் 6-ல் ம்ட்சென்ஸ்க் ஊருக்குப் பக்கத்தில் குடேரியனின் 4-வது பான்சர் டிவிஷனை, கத்துகோவின் 4-வது டாங்கி பிரிகேட் மறைந்திருந்து அடித்தது. கத்துகோவ் ஆட்களுக்குப் பயிற்சி இருந்தது, அதனால் டி-34 தன் உண்மையான பலத்தைக் காட்டியது. குடேரியன் ஆடிப்போய், பெர்லினிலிருந்து நிபுணர் குழு வந்து பார்க்கணும் என்று கேட்டார். நவம்பரில் குழு வந்தது. முன்வரிசை அதிகாரிகள் சிலர், "இதையே அப்படியே காப்பி அடிச்சுடலாமே" என்றார்கள். பொறியாளர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த அலுமினிய டீசல் இஞ்சினை நம்மால் அவ்வளவு சீக்கிரம் செய்ய முடியாது என்பது ஒரு காரணம். கௌரவமும் கொஞ்சம் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

வந்த பதில்தான் பேந்தர். மேன் நிறுவனத்தின் வரைபடம் 1942 மே மாதம் தேர்வானது. ஆரம்பத்தில் 30 டன் வகை என்றுதான் பேச்சு. அப்புறம் ஹிட்லர் முன்கவசத்தைக் கூட்டச் சொன்னார், 60 மி.மீ. 80 ஆனது. நீளமான 75 மி.மீ. பீரங்கி வந்தது. கடைசியில் வெளியே வந்த வண்டி 45 டன் இருந்தது. ஆனா இஞ்சினின் சக்தியைப் பட்டைக்குக் கொண்டுபோகிற கடைசிப் பல்சக்கரப் பெட்டி? அது அந்த எடைக்குத் தாங்கவில்லை. உறுதியான வகைப் பல்சக்கரங்களைச் செதுக்குவதற்கான இயந்திரங்களுக்குத் தட்டுப்பாடு. அதனால் சாதாரண நேர்ப் பல்சக்கரத்தையே வைத்து ஓட்டினார்கள். போருக்குப் பிறகு கைவசம் கிடைத்த பேந்தர்களைப் பயன்படுத்திய பிரெஞ்சு ராணுவம் 1947-ல் ஓர் அறிக்கை எழுதியது. அந்தப் பெட்டியின் சராசரி ஆயுள் 150 கிலோமீட்டராம். சென்னையிலிருந்து கிளம்பினால் விழுப்புரம் தாண்டுறதுக்குள்ள பிரிச்சுப் போடணும்! சரி பண்ணலாம்னு உட்கார்ந்தா, கியர் பாக்ஸ் வண்டியோட மூக்கில் இருக்கும். ஓட்டுநர் தலைக்கு மேலே இருக்கிற கூரைத் தகட்டைக் கழற்றி, கிரேன் வைத்துத் தூக்கணும். டி-34-இல் இஞ்சினும் கியர் பாக்ஸும் பின்னாலேயே இருக்கும்.

1943 கோடையில் கூர்ஸ்க் தாக்குதலைத் தள்ளித்தள்ளிப் போட்டதற்கு ஒரு காரணம் பேந்தர் வந்து சேரட்டும் என்பது. ஜூலை 5-ல் தாக்குதல் தொடங்கியபோது 200 பேந்தர்கள் தயார். குடேரியன் அறிக்கைப்படி, ஜூலை 10 சாயங்காலம் முன்வரிசையில் ஓடக்கூடிய நிலையில் இருந்தவை 10. எதிரி அடித்தது பாதி, தானாகப் படுத்தது மீதி. சில இஞ்சின்கள் தானாகவே தீப்பிடித்தன.

டைகர் கதை இதைவிட ருசியானது. 57 டன், 100 மி.மீ. முன்கவசம், 88 மி.மீ. பீரங்கி. நேருக்கு நேர் நின்றால் 1943-ல் அதை எதிர்க்க ஆள் இல்லை, இதை மறுக்கவே முடியாது. ஆனா அந்த எடையைத் தாங்க சக்கரங்களை ஒன்றுக்குள் ஒன்று பின்னிப் பின்னி அடுக்கினார்கள். பயணம் மெத்தை மாதிரி இருக்கும். உள்பக்கச் சக்கரம் ஒண்ணு கெட்டுப்போனா? வெளிப்பக்கத்தில் அதை மறைக்கிற சக்கரங்களை எல்லாம் கழற்றணும். ரஷ்யக் குளிரில் ராத்திரி சேறு நடுவில் உறைந்தால், காலையில் வண்டி நகராது. ரயிலில் ஏற்றணும்னா அகலம் இடிக்கும். அதனால் ஒவ்வொரு டைகருக்கும் ரெண்டு ஜோடிப் பட்டை - சண்டைக்கு 72.5 செ.மீ. அகலம், ரயிலுக்கு 52 செ.மீ. ஏற்றும்போது ஒரு தடவை மாத்தணும், இறக்கினதும் இன்னொரு தடவை. பாதி வழியில் படுத்துவிட்டால் இழுக்க 18 டன் இழுவை வண்டிகள் மூணு வேணும். பின்வாங்குற நேரத்தில் மூணு இழுவை வண்டிக்கு எங்கே போவது? அதனால் பல டைகர்களை அதன் ஆட்களே வெடி வைத்துத் தகர்த்துவிட்டு நடந்து போனார்கள்.

விலையைப் பாருங்கள். பீரங்கி, ரேடியோ சேர்க்காமல் பான்சர் 4 சுமார் 1,03,000 மார்க். பேந்தர் 1,17,000. டைகர் 2,50,000. மொத்தம் செய்யப்பட்ட டைகர்கள் 1,350 வாக்கில். அடுத்து வந்த டைகர் 2, ஐந்நூறைத் தொடவில்லை. இதுக்கு நடுவில் ஃபெர்டினாண்ட் போர்ஷ (ஆமாம், அதே கார் போர்ஷதான்) 188 டன்னில் 'எலி' என்று பெயர் வைத்து ஒரு மலையைச் செய்துகொண்டிருந்தார். ரெண்டே ரெண்டு வண்டி உருவானது. ஒன்றின் உடம்பும் மற்றதன் கோபுரமும் சேர்ந்து இன்றைக்கு மாஸ்கோ பக்கத்தில் குபின்கா அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

இப்போ கிழக்கே யூரல் மலைக்குப் போவோம். 1941 இலையுதிர்காலத்தில் கார்கோவ் தொழிற்சாலையை அப்படியே பிரித்து ரயிலில் ஏற்றி, நிஷ்னி தாகில் ஊரில் இருந்த ரயில்பெட்டித் தொழிற்சாலைக்குள் இறக்கினார்கள். அந்த டிசம்பரிலேயே அங்கே முதல் டி-34கள் வெளியே வந்தன. செல்யாபின்ஸ்க் டிராக்டர் தொழிற்சாலை டாங்கித் தொழிற்சாலை ஆனது, ஊருக்கே 'டாங்கோகிராத்' என்று பேர் விழுந்தது. இயந்திரங்களில் நின்றவர்களில் பெரும்பகுதி பெண்களும், பள்ளிக்கூடம் போக வேண்டிய பையன்களும். (ஜெர்மன் தொழிற்சாலைகள் என்றால் வெள்ளைக் கோட்டு நிபுணர்கள் என்று நினைக்கவேண்டாம். போரின் பிற்பாதியில் பிற நாடுகளிலிருந்து பிடித்து வந்த அடிமைத் தொழிலாளர்கள்தான் அங்கே குவிந்திருந்தார்கள்.)

தேர்ந்த வெல்டர் இல்லாமல் கவசத் தகட்டை எப்படி ஒட்டுவது? இங்கேதான் யெவ்கெனி பாதோன் வருகிறார். கீவ் நகரில் பாலம் கட்டிக்கொண்டிருந்தவர். அப்புறம் மின்வெல்டிங் ஆராய்ச்சிக்கு வந்தார். எழுபது வயசுக்கு மேல் தன் நிறுவனத்தோடு நிஷ்னி தாகிலுக்கு வந்து, துகள் குவியலுக்கு அடியில் தானாக நகர்ந்து ஒட்டுகிற இயந்திரத்தை டாங்கிக்குப் பழக்கினார். அனுபவம் இல்லாத ஒரு பெண், சில நாள் பயிற்சியோடு, தேர்ந்த கைவினைஞரைவிட வேகமாகவும் பலமாகவும் ஒட்ட முடிந்தது. என்னைக் கேட்டால் டி-34-இன் இன்னொரு தந்தை இவர்தான்.

டி-34-ஐ நேரில் பார்த்தவர்கள், படத்தில் உற்றுப் பார்த்தவர்கள் கவனித்திருப்பீர்கள். கோபுரத்தின் மேற்பரப்பு கரடுமுரடாக, வார்ப்பில் வழிந்த இரும்பு அப்படியே நிற்கும். யாரும் தேய்த்து மெருகேற்றவில்லை. ஆனா பீரங்கி உட்காருகிற இடம், கோபுரம் சுத்துகிற வளையம் கச்சிதமாகக் கடையப்பட்டிருக்கும். எங்கே அவசியமோ அங்கே மட்டும் உழைப்பு. ரப்பர் பஞ்சம் வந்தது. ஸ்டாலின்கிராட் டிராக்டர் தொழிற்சாலை வெளிச்சுற்றில் ரப்பரே இல்லாத இரும்புச் சக்கரத்தை மாட்டியது. சத்தம் ஊரைக் கூட்டும், ஆனா ஓடும். 183-ம் தொழிற்சாலையில் ஒரு டி-34-க்கான செலவு 1941-லிருந்து 1943-க்குள் பாதியாகக் குறைந்தது. 1943-ல் ஜெர்மனி, பிடித்துவைத்திருந்த நாடுகளையும் சேர்த்து, சோவியத்தைப்போல மூணு மடங்குக்கு மேல் உருக்கு உற்பத்தி செய்தது. இருந்தும் டாங்கி எண்ணிக்கையில் சோவியத் முன்னால் நின்றது.

இன்னொரு உதாரணம் கனரக டாங்கி ஐ.எஸ்-2. அதில் 122 மி.மீ. பீரங்கி. டாங்கிக்கு டாங்கி சண்டைக்கு 100 மி.மீ. பீரங்கிதான் நல்லது என்ற வாதம் இருந்தது. ஆனா 122-க்குப் பீரங்கி செய்யும் வசதியும் குண்டும் தாராளமா கைவசம் இருந்தன. அதையே மாட்டினார்கள். உள்ளே 28 குண்டுதான் கொள்ளும். குண்டு வேற, வெடிமருந்து வேற என்று ரெண்டு துண்டாகப் போடணும். நிமிஷத்துக்கு ரெண்டு மூணு தடவைதான் சுட முடியும். தெரிந்தேதான் செய்தார்கள்.

"அப்போ சோவியத் டாங்கி கெடவே கெடாதா?" என்று கேட்டால், நல்லாவே கெடும். 1942-ல் அமெரிக்காவின் அபர்டீன் சோதனைத் திடலுக்கு ஒரு டி-34-ஐ அனுப்பினார்கள். அமெரிக்கர்கள் அதன் வடிவத்தையும் குறிபார்க்கும் கருவியையும் புகழ்ந்தார்கள். காற்று வடிகட்டியைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்கள். தூசி நேரா இஞ்சினுக்குள் போனது, சில நூறு கிலோமீட்டரிலேயே இஞ்சின் காலி. கியர் பாக்ஸும் மோசம். வித்தியாசம் எங்கே என்றால், அந்த இஞ்சினைத் தூக்கி எறிந்துவிட்டு வேற ஒண்ணு மாட்ட அங்கே ஆள் இருந்தது, பாகம் இருந்தது. போர்க்களத்தில் அந்த டாங்கி ரொம்ப நாள் உயிரோடு இருக்காது, அதுக்கு மேல உழைக்கிற இஞ்சின் எதுக்கு என்ற கணக்கும் இருந்தது. குரூரமான கணக்கு. ஆனா கணக்கில் பிழை இல்லை.

ஜெர்மன்காரன் முட்டாள், 50 ஆயிரம் பான்சர் 4 செய்திருக்கணும் என்று சிலர் எழுதுவார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். செய்தால் ஓட்டுவதற்குப் பெட்ரோல்? 1944-ல் விமானங்கள் எண்ணெய் ஆலைகளை அடிக்க ஆரம்பித்தபிறகு இருக்கிற டாங்கிக்கே எரிபொருள் இல்லை. ஒவ்வொன்றுக்கும் அஞ்சு பயிற்சி பெற்ற ஆட்கள்? எண்ணிக்கைப் பந்தயத்தில் அமெரிக்கா, சோவியத் ரெண்டையும் ஜெர்மனி ஜெயிக்க வழியே இல்லை. தரத்தை நம்பினது அவர்களுக்கு மிச்சமிருந்த ஒரே வழி. சொதப்பினது அதைச் செய்த விதத்தில். அவர்களிடமே சரியான பதிலும் இருந்தது. கோபுரமே இல்லாத, தாழ்ந்த, மலிவான ஸ்டுக் 3. பத்தாயிரத்துக்கு மேல் செய்தார்கள். சத்தமில்லாமல் போர் முழுக்க டாங்கிகளை அடித்துக்கொண்டே இருந்தது. அதுக்கு ரசிகர் மன்றம் கிடையாது, பாவம். சோவியத் பக்கமும் எல்லாம் சொந்தச் சரக்கில்லை. டீசல் இஞ்சினுக்கு வேண்டிய அலுமினியத்தில் பெரும்பகுதியும், படைக்குப் பின்னால் எரிபொருளும் குண்டும் சுமந்துபோன லாரிகளில் லட்சக்கணக்கானவையும் அமெரிக்காவிலிருந்து வந்தவை.

இந்த ரெண்டு வழியும் 1945-ல் முடிந்துபோகவில்லை. நிஷ்னி தாகில் தொழிற்சாலை பின்னாளில் டி-72, டி-90 செய்தது. அந்த ரெண்டும் உரிமம் வாங்கி நம்ம ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவாயின. அதே ஆவடியில்தான் அர்ஜுன். ஜெர்மன் இஞ்சின், ஜெர்மன் கியர் பாக்ஸ், 58 டன், கோபுரத்துக்குள் மூணு பேர். "எடை அதிகம், பாலம் தாங்காது, ரயில் தாங்காது" என்று அர்ஜுன் மேல் வந்த புகார்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு டைகரின் ரெண்டு ஜோடிப் பட்டைதான் ஞாபகம் வரும். டி-90 ஆயிரத்துக்கு மேல் படையில் சேர்ந்தது. அர்ஜுன் முதல் வகை 124-தான்.

சரி, மூணாவது கேள்விக்கு வருவோம். உள்ளே உட்கார்றவன்.

1943 ஜூலை 12, ப்ரோகோரோவ்கா. உலகத்திலேயே பெரிய டாங்கிச் சண்டை, டைகர்களை டி-34கள் மோதி நொறுக்கின என்று ரொம்ப காலம் சொல்லிவந்தார்கள். ஆவணங்கள் திறந்தபிறகு வந்த கணக்கு வேற. எதிரில் இருந்த எஸ்.எஸ். படையிடம் ஓடும் நிலையில் இருந்த டைகர்கள் பதினஞ்சு வாக்கில். பேந்தர் அந்த இடத்தில் இல்லவே இல்லை. மத்ததெல்லாம் பெரும்பாலும் பழைய பான்சர் 3, பான்சர் 4, தாக்குப் பீரங்கிகள். ரோட்மிஸ்ட்ரோவின் 5-வது காவல் டாங்கிப் படை முழு வேகத்தில் பாய்ந்தது. வழியில் சோவியத் படையே முன்பு வெட்டிவைத்திருந்த டாங்கி எதிர்ப்புப் பள்ளம். தகவல் வரவில்லை, பலருக்குத் தெரியவில்லை. வண்டிகள் பள்ளத்துக்குள் விழுந்தன, தாண்ட வழி தேடிப் பக்கவாட்டைக் காட்டின. அந்தப் படை 300 டாங்கிகளுக்கு மேல் அடியோடு இழந்தது. ஜெர்மன் பக்கம் திரும்பச் சரிசெய்ய முடியாதபடி போனவை மிகச் சொற்பம். சண்டையின் ஒட்டுமொத்தத்தில் ஜெர்மன் தாக்குதல் நின்றுபோனது, கூர்ஸ்க் சோவியத் வெற்றிதான். ஆனா அன்றைக்குக் காலையில் அந்த வண்டிகளை எரித்தது 88 மி.மீ. பீரங்கி மட்டும் இல்லை. பாதிக் குருடாக ஓடின கமாண்டர்களும் ஒரு காரணம்.

ரோட்மிஸ்ட்ரோவ் அடுத்த மாசமே ஜுகோவுக்குக் கடிதம் எழுதினார், நம்ம டாங்கி இப்போ எதிரியைவிடத் தாழ்ந்துவிட்டது என்று. அப்போது டி-43 என்ற புது டாங்கி கிட்டத்தட்டத் தயாராக இருந்தது. மூணு பேர் கோபுரம், கூடுதல் கவசம். அதையும் நிராகரித்தார்கள். புது உடம்புக்கு மாறினால் உற்பத்தி சில மாசம் இறங்கும் என்பதுதான் காரணம். 1941-ல் ஒரு தடவை தள்ளிப்போட்டது, 1943-ல் ரெண்டாவது தடவை.

கடைசியில் ஒரு சமரசம். பழைய டி-34 உடம்பு அப்படியே, மேலே மட்டும் பெரிய கோபுரமும் 85 மி.மீ. பீரங்கியும். 1944 தொடக்கத்தில் அது உற்பத்திக்கு வந்தது. கமாண்டர் சுடும் வேலையிலிருந்து விடுபட்டார், அவருக்குப் பார்க்க நேரம் கிடைத்தது. டி-34எம் வரைபடத்தில் 1941-லேயே இருந்த அந்த ஒரு இருக்கைக்கு மூணு வருஷம் ஆனது.

தொழிற்சாலை வாசலில் நின்று எண்ணினால் டி-34தான் ஜெயிச்சது, சந்தேகமே இல்லை. மூணு வருஷம் நிறுத்தாமல் செய்ததால்தான் 1942-ல் அந்த நாடு பிழைத்தது என்றும் வாதிடலாம், நானும் அந்த வாதத்தின் பக்கம்தான் சாய்கிறேன். ஆனா கோபுரத்துக்குள் உட்கார்ந்து எண்ணினால் கணக்கு வேற. போர்க்காலத்தில் செய்த டி-34கள் எல்லா வகையும் சேர்த்து 57 ஆயிரம் வாக்கில். அதில் இழந்தவை ஏறத்தாழ 45 ஆயிரம். ஒரு வண்டிக்கு நாலு பேர். 85 மி.மீ. வந்தபிறகு அஞ்சு பேர்.